இசைவாணர்க்கு அளித்த உடைவாள்

மேனாடுகளில் ஊர்தோறும் சென்று இசையரங்கு நடாத்திய வித்துவான்களுக்கு மக்கள் அளித்த வரவேற்புக்கள் பலவகைப்படும். சிலர்க்கு மலர்மாலை சூட்டினர். சிலர்க்குப் பொற்பேழையும் மோதிரமும் ஈந்தனர். சிலர் ஊர்ந்த வண்டியிற் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். ஆயின், பியானோ வாசிக்க வந்த இருபத்தெட்டு வயதினர் ஒருவரை அரங்கின் நடுவே நிறுத்தி, மணிகள் பதித்த உடைவாள் ஒன்றை நாட்டின் பெயரால் அவர் அரையிற் கட்டிய வரவேற்பு, அவ்வகைகளுள் எதனிலும் அடங்குவதன்று. அது நிகழ்ந்த நாள் 1840-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள். இடம், ஹங்கேரி நாட்டுப் பெஸ்ட் நகரம். வாளைப் பெற்றவர் பிரான்ஸ் லிஸ்ட் என்னும் இசைவாணர். இச்செய்தி பாரிஸ் நகரத்தை எட்டியபொழுது அந்நகரத்துப் பத்திரிகைக்காரர் வயிறு குலுங்க நகைத்தனர். அவர் நகைத்தது தகுமோ, தகாதோ என்பதை நம் மாணவர் தாமே ஓர்ந்து கொள்ளுமாறு, அவ்வரவேற்பின் வரலாற்றை ஈண்டுச் சிறிது விரித்துக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் அந்நகரத்தையும் அக்காலத்தையும் அறிதல் வேண்டும். இன்று புடாபெஸ்ட் என வழங்கும் மாநகரம் அந்நாளில் ஒரு நகரமன்று. டான்யூப் ஆற்றின் மேல்கரைக் குன்றின்மீது புடாவும், கீழ்கரைச் சமவெளியிற் பெஸ்டும் வேறு வேறு ஊர்களாக இருந்தன. இவ்விரண்டும் பழைய புடாவும் ஒன்றாய் இணைந்தது 1873-ஆம் ஆண்டிலேயே. இரு கரையையும் பிணைக்க நிலையான பாலமும் அன்று இல்லை; தோணிகளை வரிசையாகக் கட்டியமைத்த மிதவைப் பாலமே இருந்தது. ஸேசேனி பிரபுவின் பெருமுயற்சியால் எழுந்த சங்கிலிப் பாலம் 1849-ஆம் ஆண்டிற்றான் திறக்கப்பெற்றது. இரயில் வண்டியோ 1846-ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் ஓடவில்லை.

நாடு வியன்னாவில் வீற்றிருந்த ஹாப்ஸ்பர்க் பேரரசர்க்கு உட்பட்டது. பேரரசரே ஹங்கேரிக்கும் அரசர். நாட்டுச் சபையோ எல்லைப்புற நகரமாகிய பிரஸ்பர்க்கிற் கூடிற்று. நெடுங்காலமாக ஆட்சிமொழியாக இருந்தது இலத்தீன். நகரத்து வணிகர் பலர் பேசியது ஜெர்மன். மகியார் மொழி என்னும் நாட்டு மொழி, உழவர் குடிசையிலும் சிற்றூர்ப் பிரபுக்களின் மனையிலும் வாழ்ந்திருந்ததேயன்றி, அரசவையேறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலையை மாற்ற முனைந்த அறிஞர் கூட்டம் ஒன்று தோன்றிற்று. 1825-ஆம் ஆண்டு ஸேசேனி பிரபு தம் ஓராண்டு வருவாய் முழுவதையும் கொடுத்து, நாட்டு மொழியை வளர்க்கும் அறிஞர் கழகத்துக்கு வித்திட்டார். 1837-ஆம் ஆண்டு பெஸ்ட் நகரில் மகியார் மொழி நாடகசாலை ஒன்று எழுந்தது. மகியார் மொழி முற்றும் அரச மொழியானது 1844-இல். ஆகவே, நாம் கூறவந்த நிகழ்ச்சி நடந்த காலத்தில் அந்நாடகசாலை வெறுங் கேளிக்கைக் கூடமன்று. தம் மொழியில் உரக்கப் பேசுவதற்கு ஒரு மக்கட் கூட்டத்தார் கட்டிக்கொண்ட வீடு என்க.

இனி, இசைக்கருவியைப் பற்றிச் சில சொற்கள். பியானோ என்பது யாழ்போல நரம்பிசைக் கருவியே. ஆயின் விரலால் நரம்பைத் தெறிப்பதில்லை. கட்டையை அழுத்தினால், உள்ளே பஞ்சுறை போர்த்த சிறு சுத்தியல் எழுந்து கம்பியைத் தாக்கி மீளும். இதனை 1700-ஆம் ஆண்டளவில் பிளாரன்ஸ் நகரத்துக் கிறிஸ்டோபோரி என்பார் முதன்முதற் செய்தார். மெல்ல அழுத்தின் மெல்லோசையும், வலிந்து அழுத்தின் பேரோசையும் தருதலே இதன் சிறப்பு. எனினும் ஒருமுறை அடித்த சுத்தியல் முற்றும் கீழே வந்தாலன்றி மறுமுறை எழாமையால், ஒரே சுரத்தை விரைந்து பன்முறை ஒலித்தல் அரிதாயிருந்தது. பாரிஸ் நகரத்து எரார் தொழிற்சாலையார் 1821-ஆம் ஆண்டில் இக்குறையை நீக்கும் பொறியமைப்பைக் கண்டனர். அதன்பின் கட்டை பாதி எழுந்த நிலையிலேயே மீண்டும் ஒலிக்கலாயிற்று. லிஸ்ட்டின் விரல்கள் செய்த விந்தைகளுட் பல இப்பொறியின்றி இயன்றிரா. வியன்னாவில் அக்காலத்துச் செய்த பியானோக்களோ மென்மையானவை. லிஸ்ட்டின் கைவன்மையைத் தாங்கமாட்டாமல் அரங்கின் நடுவிலேயே கம்பியறுதலும் சுத்தியல் முறிதலும் உண்டு.

லிஸ்ட் பிறந்தது 1811-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள். ஊர், அன்று ஹங்கேரியிலும் இன்று ஆஸ்திரியாவிலும் சேர்ந்த ரைடிங் என்னும் சிற்றூர். தந்தையார் ஆதாம் லிஸ்ட், எஸ்தர்ஹாசி என்னும் பெருநிலப் பிரபுவின் பண்ணையிற் கணக்குத் தொழில் பார்த்தவர். வீட்டிற் பேசிய மொழி ஜெர்மன். பிள்ளையின் திறத்தைக் கண்டு தந்தையார் 1820-ஆம் ஆண்டில் பிரஸ்பர்க் நகரில் பிரபுக்கள் முன் வாசிக்கச் செய்தார். ஒன்பது வயதுச் சிறுவனின் வாசிப்பைக் கேட்ட ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர், ஆறாண்டுக் காலம் ஆண்டொன்றுக்கு 600 கல்டன் அவன் கல்விக்காகத் தருவதாக உறுதி கூறினர். அப்பொருளின் துணையால் குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. ஆங்கே செர்னியிடம் பியானோவும் சாலியேரியிடம் இசையிலக்கணமும் கற்றான். 1823-ஆம் ஆண்டு மே முதல்நாள் பெஸ்ட் நகரில் ஒருமுறை வாசித்துவிட்டு, அவ்வாண்டிறுதியிற் பாரிஸ் சென்றான். ஆங்குள்ள இசைக் கல்லூரியின் தலைவர் செருபீனி, அயல்நாட்டார்க்கு இடமில்லை என்று கதவை அடைத்தார். எனினும் பாரிஸ் நகரமே பின்னர் அவர்க்குக் கல்லூரியாயிற்று. ஹங்கேரியை விட்டுச் சென்றபொழுது அவர்க்கு வயது பதினொன்று. மீண்டும் அந்நாட்டு மண்ணை மிதித்தபொழுது இருபத்தெட்டு. இடைப்பட்ட பதினாறாண்டுகளில் பிரெஞ்சு மொழியே அவர் சிந்தனைக்கும் எழுத்துக்கும் உரிய மொழியாயிற்று. மகியார் மொழியில் உரையாட அவர் அறியார்.

இங்ஙனம் நாட்டை மறந்தவர் போலிருந்தாரை மீண்டும் அந்நாட்டோடு பிணைத்தது ஒரு பெருவெள்ளம். 1838-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டான்யூப் ஆற்றின் பனிக்கட்டிகள் உடைந்து ஒன்றன்மேலொன்றாய் அடைத்துக்கொள்ள, நீர் கரைபுரண்டு பெஸ்ட் நகருள்ளே புகுந்தது. சமவெளியில் அமைந்த நகரமாதலின் வெள்ளம் வடிவதற்கு வழியில்லை. சுடாத செங்கல்லாற் கட்டிய வீடுகள் நீரில் ஊறிக் கரைந்து சரிந்தன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் வீழ்ந்தன. நூற்றைம்பதின்மர்க்கு மேல் உயிரிழந்தனர். வெஸ்ஸெலேனி என்னும் பிரபு தோணியிலேறி இரவும் பகலும் மக்களைக் கரைசேர்த்த செய்தியை ஹங்கேரியர் இன்றும் கூறுவர்.

அப்பொழுது லிஸ்ட் வெனிஸ் நகரில் இருந்தார். பத்திரிகையிற் செய்தியைப் படித்ததும் வியன்னாவுக்கு விரைந்தார். ஏப்ரல் 18-ஆம் நாள் தொடங்கி அடுத்தடுத்து இசையரங்குகள் நடாத்தினார். அவற்றில் வெள்ளத்தால் வருந்தினார்க்காக ஈட்டியனுப்பிய தொகை 24,000 கல்டன் என நூல்கள் கூறுகின்றன. அயலிலிருந்து தனியொருவர் அனுப்பிய உதவிகளுள் இதுவே பெரிது என்பர். சிறுவனாயிருந்தபொழுது பிரபுக்கள் தந்த ஆண்டுக்கு 600 கல்டனை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்க்கு, பட்ட கடன் எத்துணை மடங்காய்த் திரும்பிற்று என்பது விளங்கும்.

வேறொரு வரவேற்பையும் இவ்விடத்தே குறித்தல் பொருந்தும். அவ்வேனிற்காலத்தில் வியன்னாவில் மற்றொரு பியானோ வல்லாரும் இருந்தார். கிளாரா வீக் என்னும் பதினெட்டு வயதுப் பெண். பின்னாளில் இசைப்புலவர் ஷூமனை மணந்து புகழ்பெற்றவர் இவரே. அயல்நாட்டவரும், பிராடஸ்டாண்டு சமயத்தவரும், வயது நிரம்பாதவருமாகிய இவர்க்குப் பேரரசர் அரண்மனை இசைவாணர் என்னும் பட்டத்தை அவ்வாண்டு மார்ச்சில் அளித்தார். அஃது அரசர் அளித்த சிறப்பு. பத்திரம் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தனர். லிஸ்ட்டுக்குக் கிடைத்ததோ வேறு வகை.

1839-ஆம் ஆண்டின் இறுதியில் லிஸ்ட் மீண்டும் வியன்னாவுக்கு வந்தார். பான் நகரில் பேத்தோவனுக்குச் சிலை நாட்டப் பொருள் போதவில்லை என்று கேட்டு, குறைதொகையைத் தாமே ஈட்டித் தருவதாக வாக்களித்து, அதன்பொருட்டே பயணந் தொடங்கியிருந்தார். ஹங்கேரியப் பிரபுக்கள் பெஸ்ட் நகருக்கு வருமாறு அவரை வேண்டினர். டிசம்பரில் பிரஸ்பர்க்கை அடைந்தார். நாட்டுச் சபை அப்பொழுது ஆங்குக் கூடியிருந்தமையால், நாடெங்குமுள்ள பெருமக்கள் அந்நகரில் நிறைந்திருந்தனர். ‘எல்யென்’ என்னும் முழக்கம் வழியெங்கும் எழுந்தது. அச்சொல்லுக்கு ‘வாழ்க’ என்று பொருள். கிறிஸ்து பிறப்புத் திருநாளை ஒட்டிப் பெஸ்ட் நகரைச் சேர்ந்து, லேயோ பெஷ்டெடிச் பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கினார். ஆங்கே பாடகர் குழாம் ஒன்று வாழ்த்திசை பாடி எதிர்கொண்டது. நாள்தோறும் விருந்து, மாலைதோறும் இசை. லிஸ்ட் அந்நாட்டு வழக்கப்படி பட்டுக் கயிறுகள் வேய்ந்த விழாவுடையைத் தமக்கெனத் தைப்பித்து அணிந்துகொண்டார். இதனை மெய்யன்பென்பாரும் உளர். வெறும் பகட்டு என்பாரும் உளர். இரண்டும் கலந்திருந்தன என்பதே நம் கருத்து. இருபத்தெட்டு வயதில் ஒரு நகரமே தன்னைக் கொண்டாடும்பொழுது கண்ணாடி பாராதவர் அரியர்.

ஜனவரி 4-ஆம் நாள் மாலை மகியார் நாடகசாலையில் அரங்கு. ஜெர்மன் நாடகசாலை ஒன்றும் அந்நகரில் உண்டு, அது பெரிது, எனினும் பெருஞ்சிறப்புக்குரிய அரங்காக அமைந்தது மகியார் நாடகசாலையே என்பதை நோக்குக. இத்தாலிய நாடக இசையொன்றைத் தழுவித் தாம் இயற்றியதை லிஸ்ட் வாசித்தார். பின்னர் விரைந்தோடும் நடன இசையொன்று. அவையோர் விடுவதாயில்லை. மீண்டும் பியானோவின் முன் அமர்ந்து ராகோட்ஸி நடையிசையைத் தொடங்கினார். ராகோட்ஸி என்பார் 1703-ஆம் ஆண்டு முதல் 1711-ஆம் ஆண்டு வரை ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஹங்கேரியத் தலைவர். போரில் தோற்று, அயல்நாட்டில் மாண்டவர். அவர் பெயரால் வழங்கிய அவ்விசையில் சொல் ஒன்றும் இல்லை. அதனால் தணிக்கை அதிகாரிக்கு வெட்டுவதற்கும் ஒன்றுமில்லை. கேட்போர் உள்ளத்திலோ சொற்கள் தாமே எழுந்தன. ஆறாண்டுகட்குப் பின்னர் பிரெஞ்சு இசைப்புலவர் பெர்லியோஸ் இதே இசையைப் பல்லியத்துக்கு அமைத்துப் பெஸ்ட் நகரில் முழக்கியபொழுது, இசை முடியுமுன்னரே அவையின் ஆரவாரம் அதனை மூழ்கடித்தது என்று தம் வரலாற்றில் வியந்து எழுதியுள்ளார்.

நடையிசை முடிந்ததும் விழாவுடை தரித்த பிரபுக்கள் அறுவர் மேடைக்கு வந்தனர். பெஷ்டெடிச் பிரபு மகியார் மொழியிற் சிற்றுரை ஒன்று ஆற்றி, மணிகள் பதித்த வாளை நாட்டின் பெயரால் லிஸ்ட்டின் அரையிற் கட்டினார். அரங்கம் அதிர்ந்தது.

நன்றி கூற வேண்டிய முறை இப்பொழுது லிஸ்ட்டினுடையது. தம்மை மகனென்று தழுவிய மக்களுக்கு அவர்தம் மொழியில் ஒரு வாக்கியமும் சொல்ல இயலாது நின்றார். அவுகுஸ் என்னும் நண்பரை முன்னிறுத்தி, பிரெஞ்சு மொழியிற் பேச அவையோரிடம் இசைவு வேண்டினார். அவையோர் இசைந்தனர். ஜெர்மன் மொழியை அவ்வவையிற் பெரும்பாலார் அறிவர். லிஸ்ட்டுக்கும் அது தாய் பேசிய மொழி. இருந்தும் அதனை விடுத்து, ஆளுவோர் மொழியல்லாத வேறொன்றைத் தேர்ந்தது தற்செயலன்று எனக் கருதுகின்றோம். அவர் கூறியதன் கருத்து இது: முன்னாளில் நாட்டைக் காக்க வலிய கைகள் வீசிய வாளினம் இன்று இசைவாணனொருவனின் மெலிந்த கையில் வைக்கப்படுகின்றது, போர்க்களங்களில் புகழ்பெற்ற ஹங்கேரி, இனிக் கலையாலும் கல்வியாலும் புகழ்தேட முனைகின்றது என்பதற்கு இஃது அடையாளமாகும், ஆயினும் அம்முயற்சியை அநீதியாலும் வன்முறையாலும் தடுப்பார் உளராயின், வாள்கள் மீண்டும் உறையினின்று வெளிப்படுக. இவ்வாறு அவர் கூறினார். மெட்டர்னிக் என்னும் அமைச்சரின் ஒற்றர் எங்கும் நிறைந்திருந்த காலத்தில், பியானோ வாசிக்க வந்தவர் வாயிலிருந்து இச்சொற்கள் பிறந்தன. அயல்மொழியில் பேசியதைக் கேட்டு அவையோர் அடைந்த உவகையைப் பிரெஞ்சு அறிந்தார் சிலரே தொடங்கியிருப்பர். ஏனையோரை அவர் குரலும் முகமும் அரையில் தொங்கிய வாளும் தொடர்ந்து ஈர்த்திருக்கும்.

நாடகசாலையினின்று வெளிப்பட்டபொழுது தெருவெல்லாம் மக்கள் வெள்ளம். இளைஞர் தீவட்டிகளை ஏந்தி நின்றனர்; படைவீரர் வாத்தியம் முன்னே முழங்கிற்று. வண்டி சிறிது தொலைவு சென்றதும், குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுக்கவேண்டும் என்று சிலர் பாய்ந்தனர். வேறு சிலர், வேண்டா, வேண்டா, நாட்டியக்காரிகளுக்கும் இதனைச் செய்தாயிற்று, இவர்க்கு அது போதாது என்று தடுத்தனராம். இதனை லிஸ்ட்டே தம் கடிதமொன்றில் எழுதியிருக்கின்றார். பான்னி எல்ஸ்லர் என்னும் நடன மாதுக்கு நிகழ்ந்ததை அவர்கள் நினைத்தனர் போலும்! சற்றுத் தொலைவு சென்றபின், மக்கள் நடக்கத் தாம் வண்டியில் அமர்ந்திருத்தல் கூடாது எனக் கதவைத் திறந்து இறங்கி, லிஸ்ட்டும் நண்பரும் கூட்டத்தோடு நடந்தே மாளிகையை அடைந்தனர். இவ்வொரு செயலை நாம் வாளினும் பெரிதாக மதிக்கின்றோம்.

பாட்டுக்கும் வாளுக்கும் உள்ள உறவு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. பாணர்க்குப் பொற்றாமரை சூட்டிய வேந்தரை நம் சங்கப் புலவர் பாடினர். முரசு கட்டிலில் அறியாது உறங்கிய மோசிகீரனாரை வாளால் வெட்டாது, கவரி எடுத்து வீசிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையையும் அறிவோம். ஆங்கே அரசன் புலவர்முன் வாளை ஓச்சாது விட்டான். ஈங்கே வாளையே இசைவாணர் கையிற் கொடுத்துவிட்டனர்.

வாள் என்பது ஹங்கேரியில் வெறும் அணியன்று. விழாக்களில் வாளணிதல் பிரபு குலத்தார்க்கு உரிய அடையாளம். பண்ணைக் கணக்கரின் மகனுக்கு அதனைக் கட்டியதனால், குலத்தால் எய்தாத நிலையைக் கலையால் எய்தலாம் என்று அப்பிரபுக்கள் ஒப்புக்கொண்டவாறாயிற்று. அதனோடு அமையாமல், லிஸ்ட்டுக்கு முறைப்படி பிரபுப் பட்டம் வழங்க வேண்டுமெனப் பெஸ்ட் மாகாணத்தார் பேரரசர்க்கு விண்ணப்பித்தனர். அது நிறைவேறவில்லை. நகரத்தாரோ கௌரவக் குடியுரிமை அளித்தனர். ஆனால் நாட்டின் பெயரால் என்று கூறிய அந்நாட்டில், உழவர் பெருங்கூட்டம் அன்றும் பண்ணைக்குக் கட்டுண்டே கிடந்தது. அக்கட்டு அறுந்தது 1848-ஆம் ஆண்டில். அறுவர் பிரபுக்கள் கட்டிய வாளில் அவ்வுழவர்க்குப் பங்கு எத்துணை என்று வினவுவாரை நாம் மறுக்கமாட்டோம்.

ஜனவரி 11-ஆம் நாள் மற்றொரு அரங்கு நிகழ்ந்தது. வாள்விழாவின் ஒளியில் இது பலர் கண்ணிற் படுவதில்லை. நம் கருத்தில் இதுவே பயன்மிக்கது. பெஸ்ட் நகரில் இசைக் கல்விச்சாலை ஒன்று நிறுவுதற்குப் பொருள்திரட்டும் அரங்கு அது. லிஸ்ட் பொதுமக்கள் முன் முதன்முறையாகப் பல்லியத்தாரை நடத்தும் கோலை ஏந்தியதும் அன்றே. பெஸ்ட்-புடா இசைச் சங்கத்தார் அவ்வாண்டிலேயே பாடற்பள்ளியைத் திறந்தனர். அப்பள்ளியே பின்னர் வளர்ந்து தேசிய இசைப்பள்ளி எனப் பெயர்பெற்றது. வரவேற்றாரிடம் பரிசு பெற்றுச் செல்லும் வித்துவான்கள் பலர். தம்மை வரவேற்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் எழக் கைகொடுத்துச் சென்றவர் சிலரே.

அடுத்த திங்களில் தாம் பிறந்த ரைடிங் ஊரையும் கண்டார். ஊரார் திரண்டு வரவேற்றனர். ஜிப்ஸிகள் கூடாரமடித்து நெருப்பு மூட்டி அவர்க்குத் தம் இசையை வாசித்துக் காட்டினர். அவ்வோசை அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. ஹங்கேரிய இசைக்கோவைகள் பல அதனின்று பிறந்தன.

இனிப் பாரிஸ் நகரத்தாரின் நகைப்பைக் காண்போம். அரைத்தாளம் முக்கால்தாளம் தவிர வேறெவரையும் கொல்லாத வீரனுக்கு வாளெதற்கு என்னும் போக்கில் ஏளனப் பாட்டுக்கள் எழுந்தன. சித்திரக்காரர், வாள் இழுபட நடக்கும் மெலிந்த உருவத்தை வரைந்து தள்ளினர். லிஸ்ட் வாளா இருக்கவில்லை. அவ்வாண்டு இறுதியில் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றுக்கு விடை எழுதினார். ஒரு நாட்டார் தமக்கேயுரிய முறையில் அளித்த சிறப்பு அது. வாளையே ஆண்மைக்கும் மானத்துக்கும் அடையாளமாகக் கொண்ட பழம் நாட்டார் வேறெதனைக் கொடுப்பர் என்பது அவர் விடையின் சாரம். அவ்விடை போதியது என்றே நமக்குத் தோன்றுகின்றது. தன் வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டு பிறர் வழக்கத்தை அளப்பவர்க்கு உலகமெல்லாம் கோணலாகவே காணும்.

ஆனால் பாரிஸ் நகரத்தாரின் ஐயத்துக்கு இடந்தந்த வரவேற்புக்களும் இல்லாமலில்லை. 1841-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் லிஸ்ட் பெர்லின் சென்று, பத்து வாரத்தில் இருபத்தோர் அரங்குகள் நடாத்தினார். 1842 மார்ச்சில் அவர் நகரைவிட்டு நீங்கியபொழுது ஆறு வெண்குதிரை பூட்டிய வண்டியில் அரசர்போலச் சென்றார். வாசிப்பைக் கேட்டுப் பெண்கள் மெய்ம்மறந்தனர். அவருடைய கையுறைக்கும் அறுந்த கம்பிக்கும் போட்டி நிகழ்ந்தது. கவிஞர் ஹைனே 1844-இல் இதற்கு ‘லிஸ்ட் வெறி’ எனப் பொருள்படும் பெயரிட்டு நையாண்டி செய்தார். பெர்லின் ஆரவாரத்தையும் பெஸ்ட் ஆரவாரத்தையும் பாரிஸ் பத்திரிகைகள் ஒரே துலையில் வைத்து நிறுத்தன. இரண்டும் ஒன்றல்ல. பெர்லின் மக்கள் வாசிப்பவரைக் கண்டு மயங்கினர். பெஸ்ட் மக்களோ, உலகம் புகழும் ஒருவர் தம்மவர் எனக் கண்டு, தாமும் உலகத்தில் ஓரிடம் உடையவர் என நிமிர்ந்தனர். வெள்ளத்தில் வீடிழந்த நகரம் இரண்டே ஆண்டுகளில் கொடுத்த வரவேற்பு அது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

அந்நாட்டுப் பெரும்புலவர் வொரொஷ்மார்டி அவ்வாண்டிலேயே லிஸ்ட்டை விளித்து நீண்ட பாடலொன்று இயற்றினார். உலகம் முழுதும் உறவு கொண்ட இசைவாணரை எங்கு சென்றாலும் தம் உறவினர் எனவே புலவர் அதில் உரிமை பாராட்டுகின்றார். நோயுற்றுக் கிடக்கும் நாட்டுக்கு இசையால் உயிரூட்டுமாறு வேண்டுகின்றார். புகழ்ச்சிப் பாடல் போலத் தோன்றினும் இது கடன் கேட்கும் பாடலே. லிஸ்ட் ‘ஹங்கேரியா’ என்னும் பல்லிய இசையை 1854-இல் முடித்து, 1856-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெஸ்ட் நகரிலேயே அரங்கேற்றினார். இதனை அப்பாடலுக்கு அவர் தந்த விடை எனக் கொள்வர்.

கடன் முழுதும் தீர்ந்ததெனக் கூறவியலாது. 1859-ஆம் ஆண்டில் ஜிப்ஸிகளின் இசையைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ஹங்கேரிய இசை என வழங்குவது ஜிப்ஸிகளிடமிருந்து வந்ததே என்னும் கருத்து அதில் இருந்தது. இருபதாண்டுகட்கு முன் வாள் கட்டிய நாட்டார் மனம் கொதித்தனர். உழவர் பாடும் பழம்பாட்டுக்களை அவர் கேட்டறியவில்லை. நகரத்து விருந்துகளில் ஜிப்ஸிகள் வாசித்ததையே கேட்டிருந்தார். பிரபுக்களின் மாளிகையிலே தங்கிய விருந்தினர்க்கு நேரும் குறை இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்ட்டோக், கோடாய் என்னும் இருவர் சிற்றூர்தோறும் ஒலிப்பதிவுக் கருவியோடு நடந்து உழவர் பாட்டுக்களைத் திரட்டிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. மகியார் மொழியை முதுமையில் ஆசிரியரிடம் கற்க லிஸ்ட் முயன்றதுண்டு, முற்றும் கைவரவில்லை.

1847-ஆம் ஆண்டு செப்டம்பரில், முப்பத்தைந்தாம் வயதிலேயே, பொருளுக்கு வாசிக்கும் தொழிலை அவர் துறந்தார். 1848-இல் ஹங்கேரி கிளர்ந்தெழுந்தது. மறு ஆண்டு ஆஸ்திரிய, ரஷியப் படைகளால் அடக்கப்பட்டது. முதலமைச்சராயிருந்த பத்தியானி பிரபு 1849 அக்டோபர் 6-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். மேடையில் வாளைப்பற்றி வீரமொழி புகன்ற லிஸ்ட் அப்பொழுது வைமர் நகரில் இருந்தார். அவர் வாளெடுக்கவில்லை, ‘சவ ஊர்வலம்’ எனப் பொருள்படும் பியானோ இசையொன்றை இயற்றி, அதன் தலைப்பில் ‘1849 அக்டோபர்’ என்று மட்டும் குறித்தார். இதனைக் கோழைமை என்றனர் சிலர். கேட்டவர் அவ்வாறு கூறார்.

1875-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் புடாபெஸ்டில் இசைக் கழகம் திறக்கப்பெற்றது. லிஸ்ட் அதன் தலைவர். எர்கெல் அதனை நடத்தும் பொறுப்பாளர். தனிக் கட்டடம் இன்மையால், மீன்சந்தைச் சதுக்கத்தில் லிஸ்ட் குடியிருந்த மனையிலேயே வகுப்புக்கள் தொடங்கின. அதன்பின் ஆண்டுதோறும் சில திங்கள் அந்நகரில் தங்கி, மாணவரிடம் ஒரு காசும் பெறாமற் கற்பித்து வந்தார். 1886-ஆம் ஆண்டு மார்ச்சில் வகுப்பை முடித்துக்கொண்டு பயணம் புறப்பட்டவர், ஜூலை 31-ஆம் நாள் பைராய்ட் நகரிற் காலமானார். அங்கேயே அடக்கஞ் செய்யப்பெற்றார். அவர் உடலை ஹங்கேரிக்குக் கொணரவேண்டுமென எழுந்த பேச்சு நிறைவேறவில்லை. வாளை மட்டும் ஹங்கேரியத் தேசியப் பொருட்காட்சிச் சாலையிற் காணலாம்.